புது ஹெட்போனில் கேட்ட விசில்

என் வீட்டுக்காரரின் முகம் இந்த ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கிடையாது. பஸ் நிலையத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். கூண்டுக்கு நேர் மேலே ஒரு பெரிய ஒலிபெருக்கி. எதிரே வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும் பஸ்கள். அதற்கு நடுவில்தான் அவருடைய பாதி ஆயுசு போனது.

ஊருக்கே வழி சொன்ன அந்த மனுஷர் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தால் போதும், வாயும் மூடிக்கொள்ளும், காதும் மூடிக்கொள்ளும். நான் சமையலறையிலிருந்து தொண்டை கிழியக் கத்துவேன். அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் நின்று கேட்டால், "சொன்னியா? எப்ப?" என்பார், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 'செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி' என்ற பழமொழியை இந்த உலகத்தில் என் அளவுக்குச் சொன்னவள் வேறு யாரும் இருக்கமாட்டாள். காலையில் காப்பியோடு ஒரு தடவை, சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது ஒரு தடவை, நடுவில் தோன்றினால் இன்னொரு தடவை.

ஒரு நாள் பஸ் நிலையத்தில் ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் ஒரு பெண் குரல். அதற்கு இருமல் வராது, லீவு கேட்காது. இவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வருஷம் இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட வேண்டாம். வேலையில்லாத குரல் வீட்டில் கிடந்து அல்லாடியது. சோப்பைக் கையில் எடுத்தால் உறையில் அச்சடித்திருப்பதை எல்லாம் கணீரென்று வாசிப்பார். மாத்திரை அட்டை, மின்சார பில், பூச்சி மருந்து டப்பா, எதையும் விடவில்லை. "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று அவர் சொன்னால் தெருவில் போகிறவன் நின்று பார்ப்பான். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

பிறகு அதுவும் நின்றுவிட்டது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், படுக்கச் சொன்னால் படுப்பார். எனக்கு அப்போதுதான் பயமே வந்தது. திட்டினால்கூடத் திரும்பத் திட்டாத ஆளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

அந்த நேரத்தில் வழி காட்டினவன் என் தம்பி. ஃபோன், சார்ஜர், ஹெட்போன் எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறான். "மாமா, புத்தகத்தை வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி விக்கிற கம்பெனி ஒண்ணு இருக்கு. உங்க குரலக் கேட்டா விடவே மாட்டாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். அவன் சொன்ன மாதிரியே அவர்கள் விடவில்லை. மனுஷர் ஜன்னலை விட்டு எழுந்துவந்தார். நான் பெருமூச்சு விட்டேன்.

எங்கள் வீட்டில் ரெக்கார்டிங் நடக்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பீர்கள். படுக்கையறை பீரோவின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, உள்ளே தொங்கும் துணிகளுக்கு நடுவில் மைக்கை நிறுத்தி, அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். துணி எதிரொலியைக் குடித்துவிடுமாம். ஃபேனை நிறுத்தவேண்டும், சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி ஹாலில் கொண்டு போய் வைக்கவேண்டும், ஃப்ரிட்ஜையும் அணைக்கவேண்டும், அது உர்ரென்று இரைவதால். திரும்ப ஃப்ரிட்ஜைப் போட மறந்து எத்தனையோ தடவை பால் கெட்டுப்போனதால், வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுவது என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வெளியே போகச் சாவியைத் தேடினால் ஃப்ரிட்ஜைத் திறந்தாகவேண்டும், திறந்தால் உள்ளே விளக்கு எரியாது, ஞாபகம் வந்துவிடும். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாவி எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும்.

வாசித்தவரே சரிபார்த்தால் தன் தப்பு தன் காதில் விழாது, வேறு ஒரு காது வேண்டும் என்பது கம்பெனி விதி. அந்தக் காது நான். அவர் வாசித்து முடித்ததும் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புத்தகத்தை மடியில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்பேன். மைக் ஓடும்போது பக்கத்தில் யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது என்று சட்டம் போட்டவளும் நான்தான்.

என் பழைய ஹெட்போன் ஒரு கண்றாவி. வலது பக்கம் அடிக்கடி செத்துச் செத்துப் பிழைக்கும். கம்பி முறிந்த இடத்தில் பிளாஸ்திரி சுற்றியிருந்தேன். காதில் வைக்கிற மெத்தையின் மேல்தோல் உரிந்து, கறுப்புக் கறுப்பாக என் கன்னத்திலும் காதிலும் ஒட்டிக்கொள்ளும். அதோடு கடைக்குப் போய், "அக்கா, மூஞ்சியில என்ன கரியா?" என்று கடைக்காரன் கேட்க, வாங்கிக் கட்டிக்கொண்டு வருவேன். இருந்தாலும் அதை வைத்துத்தான் ஏழெட்டுப் புத்தகம் சரிபார்த்தேன். எல்லாம் சுத்தம் என்று சான்றிதழும் கொடுத்தேன்.

மழைச் சத்தத்தில் ரெக்கார்டிங் நடக்காது, மழைக்காலம் முடிந்துதான் ஒரு தடிமனான நாவல் வந்தது. அதை முடித்து அனுப்பின கொஞ்ச நாளில் கம்பெனிப் பெண் ஃபோன் செய்தாள்.

"மேடம், சார் வாசிச்சதுல பின்னாடி மெல்லிசா ஒரு சத்தம் கேக்குது. எல்லா அத்தியாயத்துலயும் இருக்கு. நீங்க கேக்கலையா?"

"சத்தமா? நான் வரி வரியாக் கேட்டேனேம்மா."

"ஏற்கெனவே ஒரு தடவ நாங்க சொல்லி, சார் திரும்ப அனுப்பினார். அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. இந்த மாசக் கடைசிக்குள்ள சுத்தமா வரலன்னா வேற ஆள வச்சு வாசிக்கச் சொல்லிட்டாங்க மேடம். அடுத்து வர்ற புத்தக வரிசையும் அந்த ஆளுக்கே போயிடும். எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு."

ஏற்கெனவே ஒரு தடவை திரும்பி வந்ததை இந்த மனுஷர் என்னிடம் மூச்சு விடவில்லை. ஃபோனை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். சோப்பு உறையும் ஜன்னலோர நாற்காலியும்தான் என் கண் முன்னால் வந்தன. இந்த வேலை போனால் இவர் மறுபடியும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். அப்புறம் எழுப்ப என்னிடம் வழி ஒன்றும் இல்லை.

"ஏங்க, ஒரு வார்த்த என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"அந்தப் பொண்ணுக்குக் காதுல கோளாறு. என் ரெக்கார்டிங்ல ஒரு சத்தமும் கிடையாது" என்றார் அவர்.

அன்றைக்கே தம்பி கடைக்குப் போனேன். "இருக்கிறதுலயே நல்லதாக் குடுடா" என்றேன். சந்தோஷமாக எடுத்துத் தருவான் என்று பார்த்தால், தலையைச் சொறிகிறான்.

"எதுக்குக்கா? பழசு நல்லாத்தானே இருக்கு?"

"வியாபாரி பேசுற பேச்சாடா இது? எடு."

விலையைச் சொன்னால் உங்களுக்கும் வயிறு எரியும், விடுங்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். மெத்தை மெத்தென்று, காதைக் கடிக்காமல், தலையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் உட்கார்ந்தது. நாவலின் முதல் அத்தியாயத்தை ஓடவிட்டேன்.

அட ராமா! என் வீட்டுக்காரர் என் மண்டைக்குள்ளே உட்கார்ந்து வாசித்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிவது கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது. வயிறு கடமுடவென்று உருள்வது கேட்டது, அன்றைக்குக் காலையில் நான் சாப்பிடச் சொன்னபோது வேண்டாம் என்றாரே, அந்த வயிறு. ஸ்டூல் முனகியது. பக்கத்தைப் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டது வரைக்கும் கேட்டது. இத்தனை நாளாக இதையெல்லாம் கேட்காமல் சுத்தம் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தேனே, கம்பெனிக்காரர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்! நல்ல சாமான் வாங்கினால் நிம்மதி கிடைக்கும் என்று யார் சொன்னது? இருந்த நிம்மதியும் போனதுதான் மிச்சம்.

அதற்கெல்லாம் அடியில் அது கேட்டது. மெல்லிய, கூரான ஒரு விசில். ஊசி முனையை நூலாக இழுத்த மாதிரி, வரிக்குப் பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று நிற்கும், திரும்ப வரும்.

"இருக்குங்க! விசில் மாதிரி ஒண்ணு இருக்கு!"

"எனக்குக் கேக்கல" என்றார், தன் பழைய ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு.

"இதுல கேளுங்க."

"அந்தச் சட்டியெல்லாம் என் தலையில மாட்டாத. எனக்கு என்னோடது போதும்." அவருக்கு வாசிக்கும்போது மாட்டிக்கொள்ளத் தனியாக ஒரு பழைய ஹெட்போன் உண்டு, பஸ் நிலையக் காலத்திலிருந்து கூடவே இருப்பது. தன் குரல் தன் காதில் விழாமல் அவருக்கு வாசிக்க வராது.

வேட்டை ஆரம்பித்தது. ஒவ்வொன்றாக நிறுத்தி, அவரைப் புதிதாக நாலு வரி வாசிக்க வைத்து, அதை ஓடவிட்டுக் கேட்பேன். முதல் குற்றவாளி ஃப்ரிட்ஜ். அணைத்தால் போதாது என்று பிளக்கையே பிடுங்கினேன். விசில் இருந்தது. கொசுவாக இருக்கும் என்று அறையைப் பூட்டிப் புகை போட்டேன், கொசு செத்தது, விசில் சாகவில்லை. ஃபோன் சார்ஜர், இன்டர்நெட் பெட்டி, வாசல் பெல், ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மாடி வீட்டில் ஒருத்தர் இருக்கிறார், நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின் வாங்கி வைத்து மூச்சிரைக்க ஓடுவார். படியேறிப் போய், "கொஞ்ச நேரம் நிறுத்திக்கிறீங்களா, கீழ ரெக்கார்டிங் நடக்குது" என்றேன். அவர் என் கையிலிருந்த ஹெட்போனையும் என் தலைமுடியையும் பார்த்துவிட்டு, பாவம் என்ற முகத்தோடு நிறுத்தினார். விசில் நிற்கவில்லை.

தம்பியிடம் போய், "உன் ஹெட்போன்தான் விசில் அடிக்குதுடா" என்று சண்டை போட்டேன். நான் ஃபோனில் கொண்டுபோன அத்தியாயத்தை அவன் மாட்டிக் கேட்டான். அவன் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. "திருப்பிக் குடுத்துடுக்கா. வேற மாடல் தரேன், இவ்வளவு துல்லியமா வேணாம்" என்றான். துல்லியம் வேண்டாம் என்று சொல்லி ஹெட்போன் விற்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு, "நீயும் வேணாம், உன் மாடலும் வேணாம்" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடுவில் இன்னொரு விஷயம் சொல்லியாகவேண்டும். போன மழைக்காலத்திலிருந்து என் வீட்டுக்காரர் திருந்தியிருந்தார். நான் சமையலறையிலிருந்து ஒன்று சொன்னால் ஹாலிலிருந்து பதில் வந்தது. "கதவத் தட்டுறாங்க பாரு" என்று அவரே சொன்னார். நான் சொன்ன கதைக்குச் சரியான இடத்தில் சிரித்தார். நான் வானத்தில் பறந்தேன். என் நாத்தனாரிடம் ஃபோனில், "பொறுமையா இருந்தா ஆம்பள தானா வழிக்கு வருவான்" என்று உபதேசமே செய்தேன். கூடவே முடியைக் காது மறைய வளர்க்க ஆரம்பித்திருந்தார். இந்த வயதில் இதென்ன கோலம் என்று கேட்டால், கலைஞர்கள் அப்படித்தான் வளர்ப்பார்களாம். போகட்டும், பேச்சு கேட்கிறாரே, முடியை எப்படி வளர்த்தால் என்ன என்று விட்டுவிட்டேன். சட்டைப் பையில் ஒருமுறை பயறு அளவுக்கு ஒரு குட்டி பேட்டரி கிடந்தது. கேட்டதற்கு, வாட்சுக்கு வாங்கினது என்றார். அவர் கையில் வாட்சே கிடையாது. அதையும் அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

மாசக் கடைசி நெருங்கியது. வீட்டில் இருக்கிற சத்தமெல்லாம் கழிந்துவிட்டது, மீதி இருப்பது அவரும் நானும்தான். அவர் வாசிக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். பீரோவுக்கு முன்னால் அவருக்கு ஒரு ஸ்டூல், எனக்கு ஒரு ஸ்டூல். அவர் தலையில் அவருடைய ஹெட்போன், என் தலையில் என் ஹெட்போன். இரண்டும் மைக்கோடு சேர்ந்திருந்தன. அவர் வாயைத் திறக்கும் முன்பே விசில் வந்துவிட்டது.

"இந்தா, இப்ப வருது!"

"எங்க வருது?" என்று எரிச்சலோடு ஹெட்போனைக் கழற்றினார். விசில் நின்றது.

"நின்னுடுச்சு."

"பாத்தியா? எல்லாம் உன் பிரமை" என்று திரும்ப மாட்டினார். விசில் வந்தது.

கையை நீட்டி, அவருடைய வலது காதின் மேலிருந்த மெத்தையை மெதுவாக அழுத்தினேன். விசில் ஏறியது. கையை எடுத்தேன். இறங்கியது. திரும்ப அழுத்தினேன்.

"என்ன பண்ற? விடு!" என்று அவர் தலையை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. ஹெட்போனை ஒரே பிடியாகக் கழற்றி, அந்தக் கலைஞர் முடியை ஒதுக்கினேன். காதுத் துளைக்குள் தோல் நிறத்தில் என்னவோ உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, காதுல பூச்சி!" என்று கத்தியேவிட்டேன்.

"பூச்சி இல்ல" என்றார் அவர். "காது மெஷின்."

அவர் எதையும் மறைக்கவில்லை அதற்குப் பிறகு. மழைக்காலத்துக்கு முன்னால் தம்பிதான் காது டாக்டரிடம் கூட்டிப்போனானாம். ஒலிபெருக்கிக்கு அடியில் உட்கார்ந்து உட்கார்ந்து காது தேய்ந்துவிட்டதாம், கீச்சென்ற சத்தங்கள் சுத்தமாகக் கேட்காதாம். மெஷின் மாட்டின காதைக் கையால் மூடினாலோ எதையாவது வைத்து அடைத்தாலோ அது விசில் அடிக்குமாம். ஊருக்கெல்லாம் கேட்கிற அந்த விசில் மாட்டியிருக்கிற ஆளுக்குக் கேட்காது! ஹெட்போன் மாட்டினதும் மெஷின் அலறும், மைக் அதை வாங்கிக்கொள்ளும், இவர் நிம்மதியாக வாசிப்பார், நான் ஓட்டை ஹெட்போனில் கேட்டுச் சுத்தம் என்று கையெழுத்துப் போடுவேன். இப்படி ஒரு கூத்து எந்த வீட்டில் நடக்கும், சொல்லுங்கள்!

"அப்ப நீங்க திருந்தல?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

"எதுல திருந்தல?"

"நான் பேசினா பதில் சொன்னீங்களே. எல்லாம் இந்த மெஷினா?"

"மெஷின் கேட்டுச்சு. பதில் நான்தான் சொன்னேன்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாத்தனாரிடம் செய்த உபதேசம் வேறு ஞாபகம் வந்து மானத்தை வாங்கியது. "தம்பிக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், கட்டினவளுக்குத் தெரியக்கூடாதா? நான் என்ன அடுத்த வீட்டுக்காரியா? ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுருவேன்னு நினைச்சீங்களா?"

அவர் மைக்கை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நீ தினமும் ஒரு பழமொழி சொல்லுவியே" என்றார். "அது பழமொழியா இருந்த வரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. டாக்டர் பாத்துச் சொன்ன அன்னிக்கு வீட்டுக்கு வந்தேன். செருப்பக் கழட்டுறதுக்குள்ள நீ அதையே சொன்ன. அதுக்கப்புறம் எப்படிச் சொல்லுவேன்?"

அழுகை வந்தது. "அதுக்காக? அது ஒரு பேச்சு. நான் எத்தனையோ சொல்றேன், அதையெல்லாம் விட்டுட்டு இத மட்டும் பிடிச்சுக்கிட்டீங்களா?" என்று அழுதுகொண்டே திட்டினேன்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா காது கேக்காத ஆளு எப்படி வாசிப்பான்னு எடுத்துருவாங்க. அந்தப் பயம் வேற" என்றார் அவர், மெதுவாக. அந்த நாற்காலியின் பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தேன். அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. புத்தகம் முழுவதையும் திரும்ப வாசிக்கவேண்டும்.

"மெஷினக் கழட்டுங்க. ஹெட்போனையும் கழட்டுங்க."

"என் குரல் எனக்கே கேக்காதே? எப்படி வாசிப்பேன்?"

"எனக்குக் கேக்கும். கேட்டு நான் சொல்றேன். முழங்கால்ல ஒரு தட்டு தட்டினா நிறுத்துங்க. ரெண்டு தட்டினா திரும்ப வாசிங்க. தொடையக் கிள்ளினா சத்தத்தக் குறைங்க."

"கிள்ளுறதுக்கு ஒரு சாக்கு கிடைச்சுது உனக்கு."

ஆரம்பத்தில் ரணகளம்தான். தன் குரல் கேட்காததால் பஸ் நிலையத்தில் கத்துகிற மாதிரி கத்தினார். நாவலில் ஒரு தாய் தூங்குகிற குழந்தையைப் பார்த்து ஏதோ மெதுவாகச் சொல்கிறாள். இவர் அதைச் சொன்ன சொல்லுக்கு மாடி வீட்டுக்காரர் ஓடுவதை நிறுத்திவிட்டார். கிள்ளினேன். முணுமுணுத்தார். தட்டினேன். நிறுத்தச் சொன்னால் திரும்ப வாசித்தார், திரும்ப வாசிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போனார். ஒரு கட்டத்தில் புத்தகத்தைப் படுக்கையில் வீசிவிட்டு, "என்னால முடியாது, வேற ஆள வச்சுக்கட்டும்" என்றார். நான் அந்தப் புத்தகத்தை எடுத்து அவர் மடியிலேயே திரும்பப் போட்டேன்.

மெல்ல மெல்லப் படிந்தது. என் கை அவர் முழங்காலிலேயே இருந்தது. அவர் என் விரலைப் பார்க்காமலே அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டார். என் புது ஹெட்போனில் அவர் குரல் மட்டும் தனியாக நின்றது. அடியில் எதுவும் இல்லை. எத்தனையோ வருஷமாகக் கூடவே இருந்த குரல்தான், ஆனாலும் அன்றைக்குத்தான் அதை முழுசாகக் கேட்டேன் என்று தோன்றியது. கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயத்தில் அவர் நிறுத்தி, தண்ணீர் குடித்து, பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் நான் ஏதோ முணுமுணுத்தேன். அவருக்குக் கேட்காது என்ற தைரியம்தான். அவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. பக்கம் கிடைத்ததும் வாசிப்பைத் தொடர்ந்தார்.

முடித்தபோது எனக்குத் தலை கிர்ரென்று சுற்றியது. கடைசி அத்தியாயங்களைத் திரும்பக் கேட்கிற தெம்பு இல்லை. "நீ போய்ப் படு, நான் கேட்டு அனுப்பிடுறேன்" என்றார். கழற்றின மெஷின் மேசையிலேயே கிடக்க, சட்டி என்று அவர் வைத சாமானை முதல் தடவையாகத் தன் தலையில் மாட்டி, சத்தத்தைக் கூட்டினார். கண் விரிந்தது. "ஏய், இதுல எல்லாமே கேக்குதே" என்றார். "அதத்தான நான் இத்தன நாளாச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் கம்பெனிப் பெண் ஃபோன் செய்தாள். "மேடம், இப்ப சுத்தமா இருக்கு. சார் குரல் இன்னும் நல்லா இருக்கு, என்ன பண்ணீங்க? அடுத்த வரிசை சாருக்குத்தான்னு சொல்லிட்டாங்க." காது விஷயத்தையும் அவளிடம் உடைத்துச் சொல்லிவிட்டேன், இனி ஒளித்து வைக்க எனக்குத் திராணி இல்லை. "அதனால என்ன மேடம், எங்களுக்கு வாசிக்கிறதுக்கு வாய்தான வேணும்" என்று சிரித்துவிட்டாள்.

சொல்லலாம் என்று ஓடினேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவர் பீரோவுக்கு முன்னால் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். தோளைத் தட்டினேன். கழற்றிவிட்டு, மேசையிலிருந்த மெஷினை எடுத்துக் காதில் பொருத்திக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். மனுஷரிடம் ஒரு துள்ளல் வேண்டாமா?

"அதான் எல்லாம் அனுப்பியாச்சே. இப்ப உக்காந்து என்னத்தக் கேக்குறீங்க?"

"அனுப்பாம வெட்டி எடுத்தது ஒண்ணு இருக்கு. பின்னாடி சத்தம்."

"மறுபடியும் விசிலா?"

அவர் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டார். தண்ணீர் குடிக்கிற சத்தம். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம். பக்கங்கள் புரள்கின்றன. அதற்கு மேல், காதோரத்தில் வந்து நின்று பேசுகிற மாதிரி, ஒரு பொம்பளையின் குரல்.

"உன் காத அந்த பஸ் ஸ்டாண்டு தின்னுடுச்சு. தின்னுட்டுப் போகட்டும். குரல எனக்கு மிச்சம் வச்சுதே, அது போதும். கிறுக்கு மனுஷா, அந்த ஜன்னல் ஓரத்துல மட்டும் இன்னொரு தடவ போய் உக்காந்துடாத. என்னால தாங்க முடியாது."

என் முகம் தீயாகக் காய்ந்தது. ஹெட்போனைக் கழற்றி அவர் மடியில் போட்டேன்.

"மைக் ஓடும்போது மூச்சுக்கூட விடக்கூடாதுன்னு யாரோ சட்டம் போட்டாங்க" என்றார் அவர்.

"அழிச்சுத் தொலைங்க அத."

"அழிக்க மாட்டேன்." வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இப்ப மாட்டியிருக்கேன். இன்னொரு தடவ சொல்லு."

"அதெல்லாம் ஒரு தடவதான் வரும். வேணும்னா திரும்பப் போட்டுக் கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

திரும்பப் போட்டுத்தான் கேட்டிருக்கிறார். சாயங்காலம் கடைக்குப் போகச் சாவி எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை, அதைக் கேட்பதற்காக அணைத்தவர் திரும்பப் போட மறந்திருக்கிறார். பால் திரிந்துபோயிருந்தது. அதற்கு மட்டும் அவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.